ஏட்டின் ஓரத்தில் இரு பெயர்கள்



சென்னையில் 1838 முதல் 1853 வரை பகுதி பகுதியாக அச்சேறிய ஒரு தாவர நூலைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். 'இகோனெஸ் பிளாண்டாரம் இண்டியே ஓரியண்டாலிஸ்' என்பது அதன் லத்தீன் பெயர். 'கிழக்கிந்தியத் தாவரச் சித்திரங்கள்' என்று தமிழில் சொல்லலாம். ஆறு தொகுதிகள், 2101 படங்கள். ஆசிரியர் ராபர்ட் வைட் என்பார் ஸ்காத்லாந்தில் 1796இல் பிறந்து, 1819இல் கும்பினியாரின் மருத்துவராகச் சென்னை இராஜதானிக்கு வந்தவர். வைத்தியத்தைக் காட்டிலும் செடி கொடிகளிலேயே அவருடைய உள்ளம் தோய்ந்து கிடந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் இந்நூலைப் பற்றிக் கல்லூரி மாணவர்களிடையே ஒரு மணி நேரம் பேசினேன். முடிவில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, படங்களை எழுதியவர் யார்?" என்று கேட்டாள். "வைட்தான், வேறு யார்?" என்று சிறிதும் தயங்காமல் கூறிவிட்டேன். மறுநாள் நூலகத்திற்குச் சென்று ஏடுகளை மீண்டும் புரட்டியபோதுதான், படங்களின் கீழ் ஓரத்தில் மிகச் சிறிய எழுத்துக்களில் 'ரங்கையா' என்றும் 'கோவிந்து' என்றும் பொறித்திருப்பது கண்ணிற் பட்டது. செடிகளின் பெயரையும் பட எண்ணையும் வரிசையாகக் குறித்துக்கொண்ட நான், அவ்விரு பெயர்களையும் எப்படித் தாண்டிச் சென்றேனோ, அறியேன். வெட்கமாக இருந்தது. அந்த மாணவியைத் தேடிச் சொல்ல வழியில்லை. இந்தப் பேச்சில் ஒரு பகுதி அவளுக்குரிய பதில் என்றே கொள்ளலாம்.

அவ்விருவரும் தென்னாட்டு ஓவியர்கள். முதலில் ரங்கையாவும், அவருக்குப் பின் கோவிந்துவும் வைட்டிடம் பணியாற்றினர். அப்பணி எத்தகையது என்று சற்று எண்ணிப் பாருங்கள். காட்டிலிருந்து கொணர்ந்த மலர் நம் வெயிலில் ஒரு நாள் தாங்காது. உலர்த்திக் காகிதத்தில் ஒட்டினால் நிறம் போய்விடும், வடிவும் நசுங்கிவிடும். ஆகவே வாடுமுன் எழுதியாக வேண்டும். கிளையும் இலையும் எழுதினால் மட்டும் போதாது. பூவைப் பிளந்து, மகரந்தத் தாள்களையும் சூற்பையையும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் உதவியால் பெரிதாக்கி, அதே தாளின் அடியில் காட்டவேண்டும். அழகுக்காக ஓரிதழைக் கூட்டினாலும் விஞ்ஞானத்திற்கு அது பொய்.

அச்சிலும் ஓர் இடர் உண்டு. அக்காலத்தில் படங்களைக் கல்லில் எழுதி அச்சிட்டனர். நெய்ப்பசையுள்ள மையால் கல்லின்மேல் எழுதி, நீரால் நனைத்து, அச்சுமையை உருட்டினால், எழுதிய கோட்டில் மட்டுமே மை பற்றும். ஆனால் கல்லில் நேரே எழுதியது தாளில் இடவலம் மாறி விழும். வலமாகச் சுற்றும் கொடி, எழுதியவர் அயர்ந்தால், புத்தகத்தில் இடமாகச் சுற்றிவிடும்! கொடி சுற்றும் திசையும் தாவர நூலாருக்கு ஓர் அடையாளமல்லவா?

வைட் தம் ஓவியரை மறந்தாரில்லை. 1853இல் வந்த கடைசித் தொகுதியில் ஓர் ஆர்க்கிட் செடிக்கு 'கோவிந்தூயா நெர்வோசா' என்று பெயர் சூட்டினார். கும்பினி ஆட்சியில் கூலிக்குச் சித்திரம் எழுதிய ஒருவரின் பெயர் ஒரு தாவரப் பேரினத்திற்கு வாய்த்தது சாமானியமன்று. பின்வந்தவர்கள் அச்செடியை 'டிரோபிடியா' என்னும் பேரினத்திலேயே அடக்கிவிட்டனர். விதிப்படி அது சரியே. எனினும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

2007இல் எடின்பரோ அரச தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த ஹென்றி நோல்டி வைட்டைப் பற்றி வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ரங்கையா, கோவிந்து ஆகிய இரு பெயர்களும் இடம் பெற்றிருக்கின்றன. மூலச் சித்திரங்களில் பலவும் அத்தோட்டத்திலேயே உள்ளன. சென்னையில் அச்சான ஏடுகளில் நாம் காண்பது வெறும் கருங்கோடுகள்; ரங்கையா தீட்டிய பச்சையும் சிவப்பும் அங்கே இருக்கின்றன.