அழிப்பதற்கு ஆகும் செலவும் அழிக்காததால் ஆகும் செலவும்

வாங்கிய கடனை வட்டியோடு தீர்த்த பிறகும், பத்திரத்தைத் திருப்பித் தராமல் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொள்பவனை ஊர் என்ன சொல்லும்? கடனே வாங்காதவன் பெயரிலும் பத்திரம் எழுதி வைத்திருந்தால் என்ன சொல்லும்? அப்படிப்பட்ட பெட்டி ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பெட்டி இருக்கும் நாடு அமெரிக்கா. அதன் பெயர் கைதுப் பதிவேடு.

கைது வேறு, தீர்ப்பு வேறு. போராட்டக் களம் கண்ட உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. காவலர் ஐயுற்றாலே கைது நிகழ்ந்துவிடும். குற்றம் மெய்யா, பொய்யா என்பது பின்னரே தெரியும். வழக்கு தள்ளுபடியாகலாம், வழக்கே தொடராமலும் போகலாம். பதிவு மட்டும் போவதில்லை! வேலை தருபவர் அதைப் புரட்டுகிறார். வீடு வாடகைக்கு விடுபவர் புரட்டுகிறார். அந்நாட்டில் ஏழு கோடிப் பேருக்கு மேல், அதாவது வயது வந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் பெயரில், ஏதோ ஒரு குற்றப் பதிவு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

இப்பதிவுகளை மூடி முத்திரையிடும் உரிமையை இன்னும் பலருக்கு விரிவாக்குக என்று குரல் எழும்பொழுதெல்லாம், "கருவூலத்துக்கு என்ன செலவு?" என்ற கேள்வியும் எழுகிறது. எழட்டும்! வரிப்பணம் மக்கள் பணம். கேட்க வேண்டிய கேள்விதான். செலவே இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். நீதிமன்ற ஏட்டையும் காவல்துறை ஏட்டையும் ஒப்பிட வேண்டும். கணினி முறையைத் திருத்த வேண்டும். ஆள் வேண்டும், காலம் வேண்டும். நியூயார்க் மாநிலச் சட்டம் 2023இல் கையெழுத்தாகி, 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பழைய பதிவுகளை மூடி முடிக்க 2027 நவம்பர் வரை அவகாசம் தரப்பட்டது. மூன்றாண்டு பிடிக்கும் வேலை சிறு வேலையன்று.

ஆனால், கணக்கேட்டுக்குப் பக்கம் இரண்டு! ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஏட்டை மூடுவது கணக்காகுமா?

மறுபக்கத்தைப் புரட்டுவோம். மில்வாக்கி நகரில் டேவா பேஜர் என்ற சமூகவியலார் ஒத்த தகுதியுள்ள இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். முடிவுகள் 2003இல் வெளியாயின. பதிவில்லாத வெள்ளையர் விண்ணப்பித்த இடங்களில் நூற்றுக்கு 34இல் மறு அழைப்பு வந்தது. சிறை சென்ற பதிவுள்ள வெள்ளையருக்கு 17. பதிவே இல்லாத கறுப்பருக்கு 14. பதிவுள்ள கறுப்பருக்கு 5! நிறம் ஒரு கதவை அடைக்கிறது. பதிவு இன்னொரு கதவை அடைக்கிறது. வேலை கிடைக்காதவன் வரி கட்டுவது எங்ஙனம்? அவன் குடும்பம் உதவி கேட்டு வந்தால், கொடுப்பது எந்தக் கருவூலம்? அதே கருவூலம்தான்!

மிச்சிகன் மாநிலத்தில் தண்டனைப் பதிவு நீக்கப்பெற்றோரைப் பற்றி இரு பேராசிரியர்கள் ஆய்ந்து 2020இல் எழுதினார்கள். ஓராண்டுக்குள் அவர்கள் ஊதியம் சராசரியாக நூற்றுக்கு இருபதுக்கும் மேல் உயர்ந்தது. ஐந்தாண்டுக்குள் வன்முறைக் குற்றத்திற்காக மீண்டும் தண்டனை பெற்றோர் நூற்றுக்கு ஒருவரும் இல்லை. அவர்கள் நீதிபதி ஆய்ந்து தேர்ந்தவர்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை; எல்லாரும் அப்படியே இருப்பர் என்று உறுதி கூறவும் முடியாது. எனினும், தண்டனை பெற்றோர் நிலையே இது என்றால், தண்டனையே பெறாமல் கைது மட்டும் செய்யப்பட்டவரை அஞ்சுவானேன்?

அதே ஆய்வு கூறும் வேதனை மற்றொன்று: தகுதியுள்ளோரில் ஐந்தாண்டுக்குள் நீக்கம் பெற்றவர் நூற்றுக்கு 6.5 பேர்தாம்! ஏன்? மனு எழுத வேண்டும். கைரேகை தர வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். கூலியை இழந்து நீதிமன்றம் ஏற வேண்டும். கென்டக்கி மாநிலம் 2016இல் வழி திறந்தபொழுது வாயிலில் வைத்த கட்டணம் 500 டாலர், 2019இல்தான் குறைத்தார்கள். வேலையற்றவனிடம் வேலை பெறும் உரிமைக்கு விலை கேட்பது என்ன நீதி?

பென்சில்வேனியா வேறு வழி கண்டது. எவரும் மனுப் போடாமலே பதிவுகளைத் தாமாக மூடும் சட்டத்தை 2018இல் அந்நாட்டிலேயே முதன்முதலாக இயற்றியது. 2019இல் தொடங்கிய பணியில் ஓராண்டுக்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் மூடப்பட்டன. மனு ஒவ்வொன்றுக்கும் எழுத்தர், வழக்கறிஞர், நீதிபதி என்று செலவிடுவதைவிட, பொறிமுறையை ஒருமுறை அமைப்பது சிக்கனம் அன்றோ? முதலில் அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் பாக்கி வைத்தோரின் தண்டனைப் பதிவுகளை மூட மறுத்தார்கள், ஏழையே சிக்கினான். 2020இல் அந்தத் தடையை நீக்கினார்கள். பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டிய இழப்பீட்டை மட்டும் விடவில்லை. 2023இல் எல்லையை மேலும் விரித்தார்கள். இங்கே ஒரு பாடம் உண்டு: நிபந்தனை ஒன்று கூடினால் சரிபார்ப்பு ஒன்று கூடும், சரிபார்ப்பு கூடினால் செலவு கூடும். தகுதியைச் சுருக்குவது சிக்கனம் என்போர் இதைச் சிந்திக்கட்டும்.

"கொடியவனும் தப்பிவிடுவானே!" என்பார்கள். நியூயார்க் சட்டம் கொலைக் குற்றத்தையும் பாலியல் குற்றத்தையும் மூடுவதில்லை. ஏனைய தண்டனைகளுக்கும் மூன்றாண்டு, எட்டாண்டு என்று காத்திருக்கச் சொல்கிறது. காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் ஏடு மறைவதில்லை. தெருவோரத் தீர்ப்பாளருக்குத்தான் மறைகிறது.

தோழர்களே! செலவைக் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். ஆனால் கேள்வியை முழுமையாகக் கேளுங்கள். பதிவை அழிக்க ஆகும் செலவை அரசு ஏட்டில் எழுதுகிறது. அழிக்காததால் ஆகும் செலவை ஏழையின் அடுப்படியில் எழுதுகிறது. இரண்டையும் கூட்டிப் பார்ப்பதே நேர்மையான கணக்கு. அந்தக் கணக்கைக் கேட்கும் துணிவே அரசியல்.