ஏரிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படின்னு பசங்களுக்குப் பத்து நிமிஷம் பேசணும்" என்றார். "சார், அதுக்கு வேற ஆளைப் பாருங்க. நான் ஒரு ஏரிக்குப் போயிட்டு வந்த கதையை வேணும்னா சொல்றேன்" என்றேன். அவரும் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார்.

2009-இல் இங்கே சிவில் முடித்துவிட்டு, சென்னையில் ஒரு கட்டட நிறுவனத்தில் சைட் என்ஜினியராகச் சேர்ந்தேன். தென்புறநகரில் ஓர் அடுக்குமாடி வேலை. மனையின் ஓரமாக, ஏரிக்குப் போகும் வரத்துக் கால்வாய் ஒன்று இருந்தது. அகலம் 4 மீட்டர், ஆழம் 1 மீட்டர். பாதிக்கு மேல் குப்பையும் முள்ளும். அதை மூடி ரோடு போட வேண்டும், அடியில் 600 மில்லிமீட்டர் குழாய் இரண்டு பதித்தால் போதும் என்று மேலிடத்தில் முடிவானது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய கால்வாயில் ஏழில் ஒரு பங்குதான் வருகிறது. மேலதிகாரியிடம் காட்டினேன். "தம்பி, பத்து வருஷமா காஞ்சு கிடக்கு. தண்ணி எங்கேருந்துய்யா வரப்போகுது?" என்றார். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. நானேதான் போட்டேன்.

2015 டிசம்பர் வந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை. தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது. ஒரு வாரம் கழித்து அந்தக் குடியிருப்புக்குப் போனேன். கீழ்த்தள வீடுகளில் சுவரில் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. ஒரு பெரியம்மா, நனைந்துபோன கல்யாண ஆல்பத்தை வாசல் படியில் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. "உட்காருப்பா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார முடியவில்லை.

அடுத்த மாதம், நான் வீட்டில் சரியாகப் பேசுவதில்லை என்று கவனித்த என் அப்பா, "வாடா, வேடந்தாங்கல் போயிட்டு வரலாம்" என்றார். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். எலக்ட்ரிக் டிரெயினில் செங்கல்பட்டு. அந்த ஊர் நெருங்கும்போதே கொளவாய் ஏரி ஜன்னலோரம் கூட வரும். அங்கிருந்து பஸ்ஸில் படாளம் வழியாகப் போனால் வேடந்தாங்கல். கட்டுச்சாதம் எடுத்துக்கொண்டு போனோம்.

ஏரி பெரிதில்லை, சுமார் 30 ஹெக்டேர்தான். ஏரிக்குள்ளேயே நீர்க்கடம்பு மரங்கள் தண்ணீரில் நிற்கின்றன. கிளைக்குக் கிளை கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன். ஒரே கூச்சல்! ஆனால் ஒரு ஹார்ன் சத்தம் கிடையாது. அப்பா கரையில் துண்டை விரித்துப் படுத்து ஒரு தூக்கமே போட்டுவிட்டார்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "தீபாவளிக்குக் கூட நாங்க வெடி போடறதில்லைங்க. பறவைங்க பயந்து போயிடும்" என்றார். "அதுங்களுக்காக இவ்வளவா?" என்றேன். சிரித்தார். "எங்களுக்காகவும்தாங்க. எச்சம் தண்ணியில விழுது, அந்தத் தண்ணி வயலுக்குப் போவுது. பறவை வந்தா பயிரு நல்லா இருக்கும்." இந்த ஊர்க்காரர்களின் கணக்கு நேற்று போட்டதல்ல. கும்பெனிக் காலத்தில் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். 2022-இல் வேடந்தாங்கலுக்கு ராம்சார் தகுதி வந்தபோது எனக்கு அந்தப் பெரியவர் ஞாபகம்தான் வந்தது.

அதே பிளேஸ் துரையின் பெயர் பக்கத்திலுள்ள மதுராந்தகத்திலும் வழங்குகிறது. பெருமழையில் ஏரிக்கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் காவல் நின்றதை அவர் பார்த்ததாக ஊரில் சொல்வார்கள். அதனால்தான் கோயிலுக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். சாமியே வந்து காவல் காக்கிற அளவுக்கு ஒரு காலத்தில் ஏரிக்கரை முக்கியமாக இருந்திருக்கிறது!

அன்று சாயங்காலம் வேடந்தாங்கல் கரையில் நடந்தபோதுதான், பாடத்தில் படித்ததையெல்லாம் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். வரத்துக் கால்வாய் தண்ணீரைக் கொண்டுவருகிறது. கரை தாங்குகிறது. மதகு வயலுக்கு விடுகிறது. மிஞ்சியது கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகிறது. இதில் ஒன்றை அடைத்தாலும் மற்றவை வேலை செய்யா. நான் அடைத்தது ஓர் ஏரியின் வாயை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இனிமே என்ன பண்ணப் போறே?" என்று மட்டும் கேட்டார்.

சென்னைக்காரர்களுக்கு ஏரி புதிதில்லை. தி. நகரே 1920-களில் ஏரி நிலத்தில் எழுந்ததுதான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. லேக் எங்கே என்றுதான் கேட்கக் கூடாது. மழை வந்தால் 2015. வராவிட்டால், ஏரிகள் வறண்டு குடத்தோடு வரிசையில் நின்ற 2019.

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது மழைநீர் வடிகால் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். சம்பளம் கொஞ்சம் குறைவு. தூக்கம் நன்றாக வருகிறது.

மாணவத் தம்பி தங்கைகளே! நாளைக்கு உங்கள் முன்னாலும் ஒரு வரைபடம் வரும். "பத்து வருஷமா காஞ்சு கிடக்கு" என்று ஒருவர் சொல்வார். அப்போது பழைய சர்வே படத்தை எடுத்துப் பாருங்கள். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் தண்ணி எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள். அதன் பிறகு பேனாவைத் திறங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவில் இறுதியாண்டு மாணவர்களை ஒரு பஸ்ஸில் வேடந்தாங்கலுக்கு அழைத்துச் செல்வோம். முதல் வருஷத்துச் செலவு என்னுடையது. கட்டுச்சாதம் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.