மருத்துவத்தில் நோயாளியின் பங்கு

(கொல்லிமலை, செம்மேட்டில் நடைபெற்ற நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் மேடையில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா போன்ற நோய்கள் நான்கு நாள் மருந்தில் அகல்பவை அல்ல. பல்லாண்டுகள் உடன் வருபவை. மருத்துவர் நம்மைப் பார்ப்பது மாதத்திற்குச் சில நிமிடங்களே. எஞ்சிய நாட்களெல்லாம் நோயைக் கவனித்துக்கொள்பவர் நோயாளியே. அவருக்குத் தம் நோயைப் பற்றிய அறிவு இல்லையெனில், உயர்ந்த மருந்தும் பயன் தராது. ஆதலின் இது கல்வியைச் சார்ந்த பொருளே ஆகும்.

திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தின் நான்கு பகுதிகளை எண்ணுகிறார். நோயுற்றவனை முதலிலும், தீர்க்கும் மருத்துவனை அடுத்தும், மருந்தையும் அருகிருந்து அதனைக் கொடுப்பவனையும் அதன் பின்னும் வைக்கிறார். நோயாளியை முதலில் வைத்த அந்த வரிசையை நாம் மறந்துவிட்டோம்.

'ஏழைகள் ஒழுங்காக மருந்து உண்ணமாட்டார்கள். எழுத்தறியாதவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை' என்னும் பேச்சை நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே விடை கிடைத்திருக்கிறது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் காசநோய்க்குச் சானடோரியமே கதி என்று கருதினர். அந்நிலையத்தார் சென்னை நகரின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் சேர்த்தனர். மறு பிரிவினர் தம் வீட்டிலேயே தங்கி, அதே மருந்தை ஓராண்டு உட்கொண்டனர். சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் செவிலியர் பணியும் இருந்தன. வீட்டில் இருந்தவையோ நெருக்கடியும் வறுமையுமே. எனினும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். 1959இல் வெளிவந்த இம்முடிவு, உலக நாடுகள் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்த வழி திறந்தது. அந்நிலையத்தார் நோயாளிகளை அவர்கள் போக்கில் விட்டுவிடவில்லை. வீடு தேடிச் சென்றனர். மருந்து உட்கொள்ளப்படுகிறதா என்று சிறுநீரைச் சோதித்தனர். நம்பிக்கையும் துணையும் சேர்ந்தே அந்த வெற்றியைத் தந்தன.

மருந்தை இடையில் நிறுத்துவது ஏழைகளுக்கு மட்டும் உரிய குறையும் அன்று. செல்வம் மிகுந்த நாடுகளிலும் நீடித்த நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேரே சொன்னபடி மருந்து உண்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் அறிவித்தது. ஆகவே குறையைச் சாதியிலும் வறுமையிலும் தேடாமல், மருந்து எதனால் நின்றது என்று கேட்பதே முறை.

இம்மலையில் அந்தக் கேள்விக்கு விடை எளிது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் சாலையை நீங்கள் அறிவீர்கள். ஒரு மாத்திரைச் சீட்டுக்காகக் கீழே இறங்கினால் பேருந்துக் கட்டணமும் செலவாகும். ஒரு நாள் கூலியும் போகும். உணவும் மாறிவிட்டது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் பலவற்றில், சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக இன்று மரவள்ளி விளைகிறது. பானையில் நியாயவிலைக் கடை அரிசி வேகிறது. 'சோற்றைக் குறையுங்கள்' என்று மருத்துவர் சொல்லலாம். அதற்கு ஈடாக வீட்டில் என்ன இருக்கிறது என்பதை நோயாளியே அறிவார். அதை அவர் சொன்னால்தான் அறிவுரை பயன்படும். சாமைச் சோறும் மாவுச்சத்தே, அதற்கும் அளவு உண்டு என்பதையும் நோயாளி அறிந்திருக்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவர வழி செய்தது. இது பெரும் உதவி. ஆயினும் வாசல் வரை வந்த மாத்திரையை உட்கொள்ள வேண்டியவர் நாமே. இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று மாத்திரையை நிறுத்தியவர், பக்கவாதத்தில் விழுந்த பிறகே நோயின் வலிமையை உணர்கிறார். நீரிழிவு உள்ளவர்க்குக் காலின் உணர்ச்சி குன்றக்கூடும். முள் தைத்தாலும் தெரியாது. செருப்பின்றிக் காட்டு வேலை செய்வோர் இரவுதோறும் உள்ளங்காலைப் பார்த்தல் வேண்டும். மலை மூலிகையை உண்போர் அதனை மருத்துவரிடம் மறைத்தலும் கூடாது. அதனை நம்பி மாத்திரையை விடுதலும் கூடாது.

இவை யாவற்றினும் கடினமானது ஒன்று உண்டு. அது வாய் திறந்து கேட்பது. கைகட்டி நில், எதிர்த்துப் பேசாதே என்று தலைமுறை தலைமுறையாக அடக்கிவைக்கப்பட்டவர்கள் நாம். அந்த அச்சம் மருத்துவமனை வரிசையிலும் நம்மோடு வந்து நிற்கிறது. என் நோய் என்ன? இன்றைய அளவு எவ்வளவு? இம்மாத்திரை எதற்கு? உணவுக்கு முன்பா, பின்பா? ஒரு வேளை தவறினால் என்ன செய்வது? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று, நம் உரிமை. மருத்துவரும் செவிலியரும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'பத்து நாள் மாத்திரை உண்ணவில்லை' என்று உண்மை சொன்னவரை ஏசினால், அடுத்த முறை அவர் பொய் சொல்வார். அல்லது வராமலே இருந்துவிடுவார்.

நோயைச் சொல்ல வெட்கமும் வேண்டா. அண்ணல் அம்பேத்கர் அவர்களை நீரிழிவு பல ஆண்டுகள் வருத்தியது. மருந்தும் பத்தியமும் வேண்டிய உடலோடுதான் அவர் அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைமைப் பணியை முடித்தார்.

நம் சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரின் மருந்துச் சீட்டைப் படித்துப் பொருள் சொல்லப் பழகட்டும். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடு தருவோம். அதில் நாளும் அளவும் மருந்தும் எழுதப்படட்டும். எழுதத் தெரியாதவர்க்கு எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர் துணை நிற்கட்டும். மாதம் ஒருநாள் நோயாளிகள் ஒன்றுகூடித் தம் இடர்களைப் பேசி, அவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்தாரிடம் ஒருமித்துச் சொல்லட்டும்.

இருபத்தைந்து ஆண்டுகள் நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடுத்த சங்கம் இது. அந்த எழுத்து இனி நம் தாய் தந்தையரின் உயிரையும் காக்கட்டும் என்று கூறி அமைகிறோம்.