கைத்திறனும் கல்வியும்



ஜப்பானில் 1906இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் சோய்ச்சிரோ ஹோண்டா. டோக்கியோவில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பயின்றார். பின்னாளில் அவர் தாமே செய்த பிஸ்டன் வளையங்கள் சோதனையில் தேறவில்லை. உலோகவியல் அறிவின் குறையே காரணமென உணர்ந்து, முப்பது வயதளவில் தொழிற்பள்ளி மாணவரோடு அமர்ந்து கற்றார்.

1948இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1958இல் அது வெளியிட்ட சூப்பர் கப் வண்டிக்குக் கிளட்ச் பிடி இல்லை. ஒரு கையில் உணவுத்தட்டு ஏந்திய கடைப்பையனும் மறுகையால் ஓட்டலாம். 2017க்குள் அவ்வண்டிகள் 10 கோடி உற்பத்தியாயின.

அவருக்கு இல்லாத சாதித்தடை நமக்கு உண்டு. ஆயினும் நம் பெற்றோரின் கைத்திறன் இழிவன்று. அதனோடு கல்வியைச் சேருங்கள். பொருளை வடிவமைப்போராகவும், பட்டறைக்கு உரியோராகவும் உயருங்கள்.