70 இடத்தில் அடங்காத தமிழ்

பட்டினத்தார் அடங்கிய திருவொற்றியூரில், தமிழாய்வாளர் நிறைந்த அவையில் தலைமை இருக்கை கிடைப்பது பெரும் பேறு. கூடவே அச்சமும் உண்டு. அறிந்தவர் முன்னால் அறிந்ததையே சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. உடனடிச் செய்தியால் மொழித்திறன் கெடுகிறதா என்ற கேள்வியின் அடிப்படைகள் அவைக்குப் பழக்கமானவை. இங்கிலாந்தில் பிளெஸ்டர், வுட், ஜோஷி மூவரும் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவும் தெரிந்ததே: குறுஞ்செய்தியில் சுருக்கச் சொற்களை மிகுதியாகக் கையாண்ட பிள்ளைகள் சொற்களை வாசிப்பதிலும் மேலாகவே இருந்தார்கள்.

அது ஆங்கிலத்தின் கதை. தமிழின் வழக்கு வேறு. தலைமை உரையின் பெரும்பகுதி அதற்கே போகிறது. அவை பொறுத்தருள வேண்டும்.

இளையோர் சோம்பலால்தான் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள் என்று மூத்த நண்பர்கள் சிலர் மேடைதோறும் வாதிட்டு வருகிறார்கள். அவர்களுடைய இலக்கணப் புலமைக்கு இந்த அவையே சாட்சி. ஆனால் அவர்கள் கையிலெடுக்காத சான்று ஒன்று இருக்கிறது: குறுஞ்செய்தியின் அளவு.

ஒரு குறுஞ்செய்தி 140 பைட். ஆங்கில எழுத்தில் அனுப்பினால் 160 இடம். யூனிக்கோடு தமிழில் 70 தான். அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி இடம் பிடிக்கின்றன. ‘திருவொற்றியூர்’ நம் கணக்கில் 7 எழுத்து, கருவியின் கணக்கில் 14. ஊர்ப்பெயரை ஒருமுறை எழுதினாலே செய்தியில் ஐந்தில் ஒரு பங்கு தீர்ந்தது! ஆங்கில எழுத்தில் அதே பெயர் 160-இல் 12 இடத்தோடு முடிந்துவிடும். அளவு மீறினால் இன்னொரு செய்தியாகக் கணக்காகும், செய்திக்குச் செய்தி காசு கொடுத்த காலத்தில் காசும் கூடியது. பல கைபேசிகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்த காலம் அது. எண்ணூர் ஆலைத் தொழிலாளி ‘வர நேரமாகும்’ என்று வீட்டுக்குச் சொல்ல எந்த எழுத்தைத் தேர்ந்திருப்பார்?

முத்து நெடுமாறனின் செல்லினம் என்ற கைபேசி மென்பொருள் 2005-இல் சிங்கப்பூரில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி திறந்தது. அதற்குள் இங்கே விரல்கள் ஆங்கில எழுத்துக்குப் பழகிவிட்டன. வாட்ஸ்அப்பில் அந்த 70 இடக் கட்டுப்பாடு இல்லை. பழக்கம் மட்டும் தொடர்கிறது. தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு 1999-இலேயே ஏற்றது. அதைப் பிள்ளைகளின் விரலுக்குக் கொண்டுசேர்க்காத பள்ளிகளை விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கடிவது நியாயமா?

இழப்பே இல்லை என்பதல்ல வாதம். ண, ந, ன மூன்றும் ஆங்கிலத்தின் ஒரே எழுத்துக்குள் ஒடுங்கும்போது எழுத்துப்பிழை பெருகும் என்ற அச்சத்தில் பொருள் உண்டு. ஆனால் எழுத்து மட்டுமா மொழித்திறன்? 2013-இல் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. காசிமேட்டு மீனவரின் பேச்சு, தட்டச்சுப் பலகையின் தயவின்றி அப்படியே கடல் கடந்து போக அது வழிசெய்தது. வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைக்கும் மீனவரின் சொல்வளம் எந்தத் தேர்வுத்தாளிலும் அகப்படாது.

விடைத்தாள்களை மட்டும் எண்ணித் தமிழ் தேய்ந்துவிட்டது என்று தீர்ப்பெழுதும் கட்டுரைகள் இந்த அரங்கிலும் வாசிக்கப்பட இருக்கின்றன. உரியவரின் இசைவோடு குரல் பதிவுகளையும் கேட்டு ஆராயும் வரை, அந்தத் தீர்ப்பைத் தலைமை ஏற்பதற்கில்லை.