கேட்டல் என்பது வினவுதலும் ஆம்

(ஒலிநூல்களும் அவற்றைப் படிப்போரும் பற்றிய பொழிவின் எழுத்துரு)



தமிழில் 'கேள்' என்னும் வினை இருபொருள் உடையது. செவியால் ஏற்றலும் கேட்டலே. ஐயுற்று வினவுதலும் கேட்டலே. இவ்விரண்டையும் ஒரு சொல்லுள் அடக்கிய இனம், வாய்மூடி ஏற்றுக்கொள்வதை மட்டும் கேள்வி எனக் கொள்ளவில்லை என்பது வெளிப்படை. தொல்காப்பியப் பாயிரம் கூறும் அரங்கேற்றத்தை எண்ணிப் பாருங்கள். பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசானுக்குக் குற்றமறத் தெளிவித்த பின்னரே அந்நூல் உலகிற்கு வந்தது. ஒருவர் சொல்லவும், மற்றவர் கேட்கவும், கேட்டவர் வினவவும், வினவியதற்கு விடை கிடைக்கவுமே அன்று நூல் வாழ்ந்தது. திருக்குறளும் கல்வி, கல்லாமை என்பவற்றை அடுத்து 42-ஆம் அதிகாரமாகக் கேள்வியை வைத்துள்ளது. ஆகவே செவிவழிக் கல்வி தமிழர்க்குப் புதிதன்று.

இந்நாளில் அக்கல்வி ஒலிநூல் என்னும் உருவில் மீண்டுள்ளது. ஒருவர் படிக்கப் பல்லாயிரவர் கைப்பேசியிற் கேட்கின்றனர். வரவேற்கத்தக்கதே. ஆயினும் பழைய அவைக்கும் இதற்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. ஒலிநூலை இடைமறித்து, "ஐய, அச்சொல் யாது?" என வினவ இயலாது. வினவ இயலாத இடத்தில் பிழை புகுந்தால் அது பிழையென்றே தெரியாமல் நிலைத்துவிடும். எனவே கேட்போர் தம் கருத்தை ஒளிவுமறைவின்றிப் பொதுவில் உரைப்பது கடமையாகின்றது. அவ்வாறு உரைக்கும் கேட்குநர் ஒருவரின் கருத்துகளே இப்பொழிவின் பொருள்.

முதற்கண், ஒலிநூல் யார்பொருட்டுப் பிறந்தது என்பதை அறிதல் வேண்டும். எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுப் பொறியைக் கண்டார். அதனால் விளையும் பயன்களை 1878-இல் அவர் எழுதியபோது, கண்ணற்றோர்க்குரிய பேசும் நூல்களையும் அவற்றுள் ஒன்றாகக் குறித்தார். ஏறத்தாழ அறுபதாண்டு கழித்தே அக்கனவு நனவாயிற்று. அமெரிக்காவில் 1934-இலும் பிரித்தானியத்தில் 1935-இலும் பேசும் நூல்கள் கண்ணற்றோர் கைக்கு வந்தன. முதல் உலகப்போரிற் கண்ணிழந்த படைஞர்க்கு அவை பெருந்துணையாயின. பிரித்தானிய இசைத்தட்டின் ஒருபுறம் ஏறத்தாழ 25 நிமையப் பேச்சே அடங்கும். ஒரு புதினத்திற்குப் பத்துத் தட்டுகள் வேண்டியிருந்தன. பின்னரே நாடாவும் குறுவட்டும் கைப்பேசியும் வந்தன. வணிகமும் அவற்றின்பின் வந்தது. இன்று வண்டியோட்டுவோரும் அடுப்படியில் நிற்போரும் நடைபயில்வோரும் ஒலிநூல் கேட்கின்றனர். நன்றே! எனினும் ஒலிநூலுக்கு முதலுரிமையர் அச்சுத்தாளைக் காண இயலாதவரே என்பதை எவரும் மறத்தலாகாது.

இங்குக் குறிக்கப்படும் கேட்குநரும் அத்தகையவரே. ஈயவெழுத்துக் கோத்த காலந்தொட்டுக் கணினியச்சு வந்த காலம்வரை அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர் அவர். கண்ணழுத்த நோயால் முதுமையிற் பார்வையை இழந்தார். நூலின்றி வாழ அறியாதவர் ஆகலின் ஒலிநூலை நாடினார். எட்டாம் வகுப்புப் பயிலும் பெயர்த்தி அச்சுநூலை விரித்துக்கொண்டு அருகிலிருப்பாள். ஒலி ஓடும். அவர் கைதூக்கிய இடத்தில் அவள் நிறுத்தி, அச்சில் உள்ளதைப் படித்துக் காட்டுவாள். கண்ணால் மெய்ப்புத் திருத்தியவர் இன்று செவியால் திருத்துகின்றார்.

அவர் கூறும் முதற் குற்றம் எழுத்தொலி பற்றியது. வாலை, வாளை, வாழை என்னும் மூன்றும் பல குரல்களில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. விலங்கின் வாலோ, கையிலுள்ள வாளோ, கொல்லையிலுள்ள வாழையோ எனக் கேட்பவர் முன்பின் பார்த்து உய்த்துணர வேண்டியுள்ளது. மரமும் மறமும் ஒன்றாகின்றன. பனியும் பணியும் ஒன்றாகின்றன. அச்சுநூலைப் படிப்பவர்க்குக் கண் காவலாக நிற்கின்றது. கேட்பவர்க்கு அக்காவல் இல்லை. பிரெயில் புள்ளியெழுத்தில் ல, ள, ழ ஆகிய மூன்றுக்கும் வேறுவேறு குறிகள் உள்ளன. கண்ணற்ற மாணவன் விரலாற் பிரித்தறியும் எழுத்துகளை, கண்ணுள்ள படிப்பாளர் வாயாற் கலந்து கெடுப்பது எத்துணைக் கொடுமை! "அச்சகத்தில் ஓர் எழுத்து மாறினால் ஊதியத்திற் பிடிப்பார்கள், இங்கே பக்கந்தோறும் மாறியும் பாராட்டுரை வருகிறது" என்பது அவர் கூற்று.

இரண்டாவது, ஆய்தமும் எண்ணும். எஃகு, அஃது என்பவற்றிலுள்ள ஆய்தத்தைக் கண்டதும் சிலர் உதட்டைக் கடித்து ஆங்கில ஒலியொன்றை எழுப்புகின்றனர். அயலெழுத்தை எழுதுதற்கு ஆய்தத்தைத் துணைகொண்ட இக்காலப் பழக்கத்தின் விளைவு இது. ஒட்டுப்போட எடுத்த துணியே உடையெனப் பெயர் பெற்றுவிட்டது! இனி, நூலில் 1965 என அச்சிட்டிருந்தால் அதனை ஆங்கிலத்திற் படிக்கின்றனர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து என்று கூற நாவிற்கு வலியா? இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர் எழுந்த ஆண்டினைத் தமிழ்நூலில் ஆங்கில எண்ணாற் கேட்க நேர்ந்தபோது, அம்முதியவர் கைதூக்கவில்லை, எழுந்து சென்றுவிட்டார்.

மூன்றாவது, புணர்ச்சி. 'வேலை கொடுத்தான்' என்றால் பணி தந்தான் என்பது பொருள். 'வேலைக் கொடுத்தான்' என்றால் வேற்படையைத் தந்தான் என்பது பொருள். இடையிலுள்ள ஒரு ககரவொற்றே இரண்டையும் பிரிக்கின்றது. ஒற்றினை விழுங்கிப் படிப்பவர் அரசன் ஈந்த வேலை அலுவலகப் பணியாக்கி விடுகின்றார். வலிமிகும் இடமும் மிகா இடமும் தேர்வுக்கு மட்டும் உரியன என எண்ணியவர்க்கு ஒலிநூல் நல்ல பாடம்.

நான்காவது, மிகுநடிப்பு. கதைமாந்தர் அழுதால் படிப்பவரும் விம்முகின்றார்; சினந்தால் கத்துகின்றார்; கிழவி பேசினால் குரலை நடுக்குகின்றார். நாடகத்திற்கு அது பொருந்தும். நூல் படிப்பிற்குப் பொருந்தாது. அழவேண்டிய இடத்தில் கேட்பவருக்குச் சற்று இடம்விட வேண்டும் என்கிறார் முதியவர். அதனினும் கொடியது பின்னணியிசை. புதினத்தின் நுண்ணிய வரியொன்றின்மீது குழலும் முழவும் ஏறி நிற்கின்றன. கண்ணுடையார் படிக்கும் தாளின்மேல் யாரேனும் மை கொட்டினால் பொறுப்பரா?

ஐந்தாவது, சொல்லாமற் சுருக்குதல். முழுநூல் என்றெண்ணிக் கேட்கத் தொடங்கினால் இடையிடையே பத்திகள் இல்லை. அடிக்குறிப்புகளும் முன்னுரையும் இல்லை. சில பதிவுகளில் பதிப்பாண்டுகூடக் கூறப்படுவதில்லை. சுருக்குதல் குற்றமன்று, சுருக்கியதை மறைத்தலே குற்றம்.

பொறிக்குரலைப் பற்றியும் அவரிடம் ஒரு கருத்துண்டு. கணினித் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள்கள் தமிழுக்கும் உள்ளன. 2006-இல் ஆத்திரேலியாவிற் கண்ணற்றோராலேயே தொடங்கப்பெற்ற 'என்விடிஏ' விலையின்றிக் கிடைப்பது. அதன் தமிழ்க்குரல் வறண்டது, இசைவற்றது. எனினும் அது பத்தியை விழுங்குவதில்லை; ஆசிரியரினும் தன்னை உயர்த்திக் காட்டுவதில்லை. "கெட்ட படிப்பாளரினும் பொறி மேல்; நல்ல படிப்பாளர்க்குப் பொறி அருகிலும் வாராது" என்று அவர் அளந்து கூறுகின்றார். பெயரறியாப் பெண்மணி ஒருவர் படித்த கட்டுரை நூலொன்றை அவர் மும்முறை கேட்டார். கரணியம் கேட்டதற்கு, "அவர் படிக்கையில் படிப்பவர் இருப்பதே மறந்துபோயிற்று, நூல் மட்டும் இருந்தது" என்றார். படிப்பாளர்க்கு இதனினும் உயர்ந்த பட்டம் உண்டோ?

பெருமக்களே! இதுகாறும் கூறியவற்றிற்குக் கைதட்டிய தனித்தமிழ் அன்பர்க்கும் அவர் இரண்டு குறை வைத்துள்ளார். அவற்றை மறைத்தல் நேர்மையன்று.

ஒன்று, புலவர் படிப்பு. மேடையிற் பல்லாயிரவர் முன் முழங்கிப் பழகிய குரல், காதிற் செருகிய சிறு கருவியிலும் அவ்வாறே முழங்குகின்றது. ஒவ்வொரு தொடரும் முடிவுரைபோல் உயர்கின்றது. ஒலிப்பு மாசற்றது, கேட்கவோ முடியவில்லை. ஒலிநூல் கூட்டத்தாரிடம் பேசுவதன்று. ஒருவரின் அருகமர்ந்து பேசுவது. வீட்டுத் திண்ணையில் பேரனுக்குக் கதை சொல்லும் பாட்டி ஒலிபெருக்கியைத் தேடுவதில்லை.

மற்றொன்று, பிறர் நூலைத் திருத்துதல். ஆர்வலர் சிலர், ஆசிரியர் எழுதிய அயற்சொல்லை நீக்கித் தாமே தமிழ்ச்சொல் பெய்து படிக்கின்றனர். சிற்றூர் மாந்தரின் பேச்சையும் செந்தமிழாக்கி விடுகின்றனர். மெய்ப்புத் திருத்துநர் இதனை ஒப்பவில்லை. "திருத்துநன் அச்சுப்பிழையைத் திருத்துவான், ஆசிரியனைத் திருத்தமாட்டான்" என்பது அவர் தொழிலறம். தனித்தமிழ் என்பது தாம் எழுதுவதிலும் பேசுவதிலும் காட்டவேண்டிய உறுதி. இறந்துபட்ட ஆசிரியன் வாயில் அவன் சொல்லாத சொல்லை வைப்பது, எத்துணை நல்ல சொல்லாயினும், பொய்யே. நெல்லைப் பேச்சு நெல்லைப் பேச்சாகவே ஒலிக்கட்டும். ஆனால் அதிலும் ழகரம் ழகரமாக இருக்கட்டும்!

இவை ஒரு முதியவரின் மனக்குறை மட்டுமாயின் இத்துணை விரித்துரைக்க வேண்டா. அச்சேட்டைக் காணாமலே செவிவழி தமிழ் பயிலும் பிள்ளைகள் இன்று உலகெங்கும் உளர். ஐரோப்பாவிலும் கனடாவிலும் பிறந்த ஈழத்தமிழ்ச் சிறுவர் பலர் தமிழைக் கேட்டு அறிவர், படிக்க அறியார். அவர்க்கு ஒலிநூலே தமிழாசான். அவ்வாசான் 'தமிழ்' என்னும் பெயரையே 'தமில்' என்பானாயின் அப்பிள்ளைக்கு மொழிப்பெயரே அதுவாகும். திருத்துவார் யார்? கையில் அச்சுநூலோடு அருகமரும் பெயர்த்தி ஒவ்வொரு வீட்டிலும் இல்லையே!

ஆகவே குறைகூறலோடு நில்லாமல் செயலில் இறங்குதல் வேண்டும். சட்டம் தடையாக இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், அச்சினைப் படிக்க இயலாத மாற்றுத்திறனாளிகளின் பயனுக்காக நூல்களை ஏற்ற உருவில் ஆக்கித்தர வழிசெய்துள்ளது. 2013-இல் உருவான மராக்கேசு உடன்படிக்கையும் அந்நோக்கினதே. அதனை முதற்கண் ஏற்ற நாடு இந்தியா. இனி, ஆசிரியர் மறைந்து அறுபதாண்டு கடந்த நூல்கள் எவர்க்கும் பொது. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் மறைந்தது 1950-இல். அவர்தம் நூல்களைப் பதிந்து எல்லார்க்கும் வழங்க இன்று யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டா. 2005-இல் தோன்றிய 'லிப்ரிவாக்சு' என்னும் தொண்டமைப்பில் உலகெங்குமுள்ள அன்பர்கள் ஊதியமின்றியே பொதுநூல்களைப் படித்துப் பதிந்து வருகின்றனர். ஆங்கிலத்திற்கு அங்ஙனம் ஓராயிரம் குரல்கள் எழுகையில் தமிழுக்கு ஊருக்கு ஒரு குரல் எழலாகாதா?

செய்முறை எளிது. இருவர் வேண்டும். ஒருவர் படிக்க, மற்றவர் அச்சுநூலோடு அமர்ந்து பிழை குறிக்க வேண்டும். அமைதியான அறை, கதவு பலகணிகட்குத் தடித்த திரை, பதிவுசெய்யும் கைப்பேசி ஒன்று ஆகியவை போதும். படிக்குமுன் தொல்காப்பியப் பிறப்பியலை ஒருமுறை பயில்க. நா எங்கு ஒற்றும், எங்கு வருடும் என்பதை அது தெளிவாகக் காட்டும். நூற்பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு என்பவற்றைத் தொடக்கத்திற் கூறுக. அடிக்குறிப்பை விடாது படிக்க. விட்டால் விட்டதாகச் சொல்க. பாடலாயின் சீர்நிற்க ஒருமுறையும் பொருள்விளங்க ஒருமுறையும் படிக்க. இயல்புக்கு அரிய சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லிக் காட்டுக. முடிந்த பதிவைக் கண்ணற்ற தமிழர் ஒருவரிடம் முதலிற் கொடுத்து, அவர் குறையில்லை என்ற பின்னரே வெளியிடுக. அவரே இக்காலத்து அதங்கோட்டு ஆசான்.

இயக்கக் கிளை ஒவ்வொன்றும் ஆண்டிற்கு ஒரு நூலேனும் இவ்வாறு பதிந்து தருக. கட்டணம் பெற்று ஒலிநூல் வெளியிடுவோர்க்குக் கேட்போர் பிழைபட்ட சொல்லையும் இடத்தையும் குறித்து எழுதுக. கேளாமல் எதுவும் திருந்தாது. எழுத்தைக் காத்தவர் பலர்; அவ்வெழுத்தின் ஒலியைக் காப்பது இத்தலைமுறையின் பங்கு. கேளுங்கள், கேட்டுக் கேளுங்கள்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்!