பாண்டுங் விமானத் தொழிற்சாலை

பாரதக் கதையில் வீமனின் மகன் கடோத்கசனை நாம் அறிவோம். ஜாவாவின் நிழற்கூத்திலும் அவன் வானில் பறக்கும் வீரன். 1995 ஆகஸ்டு 10-ஆம் நாள் பாண்டுங் நகரில் முதன்முதலாகப் பறந்த என்-250 விமானத்திற்கு அவன் பெயரே சூட்டப்பட்டிருந்தது. நம் அண்டை நாடான இந்தோனேசியா தானே வரைந்து உருவாக்கிய பயணிகள் விமானம் அது. அதைப் படைத்த அரசுத் தொழிற்சாலையின் வரலாற்றை இன்று காண்போம்.

இந்தோனேசிய ஆகாயப்படையின் பட்டறையில் சிறு விமானங்களை உருவாக்கியவர் நூர்தானியோ. 1966-இல் அவர் விமான விபத்தில் உயிர் நீத்தார். 1976-இல் அரசு தொடங்கிய தொழிற்சாலை அவர் பெயரைத் தாங்கியது. ஜெர்மனியில் விமானத் தொழிலில் பணியாற்றிய பொறியியலாளர் ஹபிபி அதற்குத் தலைமை ஏற்றார்.

அவர் வகுத்த வழி படிப்படியானது. முதலில், பிறர் வரைந்த விமானத்தை உரிமம் பெற்றுக் கட்டினார்கள். ஸ்பெயின் நாட்டுக் காசா நிறுவனத்தின் 212 விமானம் அவ்வாறு உருவானது. அடுத்து, காசாவுடன் கூட்டாக வரைந்த சிஎன்-235, 1983-இல் பறந்தது. மலேசிய ஆகாயப்படையும் பின்னர் அதை வாங்கியது. மூன்றாவதாக வந்ததே என்-250. விமானியின் கட்டளையை இரும்பு வடங்களுக்குப் பதிலாக மின் சைகைகள் கொண்டுசெல்லும் புதுமுறை அதில் இருந்தது. இருபது ஆண்டுகளுக்குள் இத்தனை முன்னேற்றம்!

ஆனால், விமானம் ஒருமுறை பறந்துவிட்டால் போதுமா? பயணிகளை ஏற்றுமுன் நீண்ட சோதனைகள் நடத்திப் பாதுகாப்புச் சான்று பெற வேண்டும். அதுவரை செலவு உண்டு, விற்பனை இல்லை. அச்செலவுக்குத் தொழிற்சாலை அரசையே நம்பியிருந்தது. 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. 1998 ஜனவரியில் அனைத்துலகப் பண நிதியத்துடன் செய்த உடன்பாட்டின்படி, விமானத் திட்டத்திற்கான அரசு உதவி நின்றது. என்-250 சான்று பெறாமலே முடங்கியது. 2003-இல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தனர். 2020-இல் கடோத்கசன் யோக்யகார்த்தா அருங்காட்சியகத்திற்குப் போய்ச் சேர்ந்தான்.

எனினும், கற்ற தொழில் அழியவில்லை. டிர்கந்தாரா இந்தோனேசியா என்று பெயர் மாறிய அதே தொழிற்சாலையின் என்-219 என்னும் சிறு விமானம் 2017 ஆகஸ்டில் பறந்தது. குட்டையான ஓடுபாதையுள்ள ஊர்களுக்கு ஏற்றது அது.

நேயர்களே, அரசின் கை ஒரு தொழிலை விரைவில் வளர்க்கும். ஆனால் ஒரே கிணற்றை நம்பிய தோட்டம், அது வற்றினால் வாடும். வாங்குவோரைத் தேடி, சொந்த வருவாயில் நிற்கவும் அத்தொழில் காலத்தோடு கற்க வேண்டும். பாண்டுங் நமக்குக் கூறும் பாடம் இதுவே.